அன்னம் அளந்து போட்ட சோறு

அன்னலட்சுமிக்குக் கொஞ்சமாகக் கொடுக்கத் தெரியாது. லிங்கநகரில் அவளுடைய குசினியிலிருந்து மதியத்துக்கு முன் துறைமுகப் பக்கம் போகிற சோற்றுப் பார்சல்கள் எல்லாம் வயிறு புடைத்துத்தான் போகும். லஞ்ச் ஷீற்றை இறுக்கி மடித்து, பேப்பரைச் சுற்றி, நூல் போட்டுக் கட்டினாலும் ஏதாவதொரு மூலையில் பருப்பு எட்டிப் பார்க்கும். படகு திருத்துகிற இடத்தில் வேலை செய்யும் ஆட்கள் ஒரு பார்சலை வாங்கி இரண்டு பேராகப் பிரித்துச் சாப்பிடுகிறார்கள் என்று அவள் புருஷன் தவராசா பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். அதைக் கேட்டால் அவளுக்குச் சந்தோஷம்தான் வரும். ஒருத்தர் சாப்பாடு இரண்டு பேருக்குக் காணுகிறதென்றால் அதைவிட வேறென்ன வேண்டும் என்பாள்.

நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயது. உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. யார் வீட்டு வாசலில் நின்றாலும் அவள் முதலில் கேட்பது சாப்பிட்டாச்சோ என்றுதான். ஓம் என்று பதில் சொன்னவர்களும் தப்பியதில்லை.

தவராசா துறைமுகத்துக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். போன மாரியில் ஒரு பின்னேரம் அவன் வீட்டுக்கு வந்தபோது, வேலைத்தளத்தில் போடுகிற மஞ்சள் தொப்பி மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் கவிழாமல், நிமிர்ந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு நாய்க்குட்டி சுருண்டு கிடந்தது. கொள்கலன்களுக்கு நடுவே மழையில் நனைந்து நின்றதாம். தாய் வருமென்று வேலை முடியும்வரை பார்த்தானாம், வரவில்லையாம்.

நாய் வளர்க்கத் தனக்கு எங்கே நேரம் என்று அன்னலட்சுமி கேட்டாள். விடியப்புறம் எழும்பித் தேங்காய் திருவத் தொடங்கினால் மதியம் வரைக்கும் நிமிர ஏலாத வேலை. தவராசா தொப்பியை நிலத்தில் வைத்தான். குட்டி தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றும் தோலுக்கு மேலால் தெரிந்தன. அவள் அதைப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போனாள். தவராசா சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினான். இனிக் கதைக்க ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரியும்.

உயர்தரம் படிக்கும் மகள் கீர்த்தனிதான் பெயர் வைத்தாள். வெள்ளிச் சாம்பல் நிறமாய், நீளமாய், ஒட்டி உலர்ந்து கிடந்த குட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அச்சொட்டாகச் சூடை மீன் மாதிரியே இருக்கிறதென்றாள். அன்றிலிருந்து அது சூடை.

சூடைக்கு அந்த வீட்டில் ராச வாழ்க்கை. காலையில் கட்டித் தேங்காய்ப்பாலில் சோற்றைக் குழைத்து வைப்பாள் அன்னலட்சுமி. பத்து மணிபோலப் பொரித்த மீனின் தலை. மதியம் சொதி ஊற்றிய சோறு. பின்னேரம் பால்மாவைக் கரைத்து அதில் றஸ்க் ஊறப்போட்டுக் கொடுப்பாள். இடையிடையே சட்டியில் ஒட்டியது, அகப்பையில் மிஞ்சியது. குட்டி எல்லாவற்றையும் தின்றது. அது சளப் சளப்பென்று தின்னும் சத்தம் கேட்டால் அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். வயிற்றாலே போனபோது, வயிறு வெறுமையாகிவிட்டதே என்று இன்னும் ஒரு கிண்ணம் கூடவைத்தாள்.

சில வாரங்களில் சூடை என்ற பெயர் அதற்குப் பொருந்தாமல் போனது. உடம்பு பீப்பாய்போல உருண்டது. ஆனால் அந்தப் பீப்பாயைத் தாங்குகிற முன்னங்கால்கள் இரண்டும் அடைப்புக்குறிபோல வெளிப்பக்கம் வளைந்தன. ஒருநாள் குசினிப் படியில் ஏறப் போய், கால் மடங்கி, முகம் அடிபட விழுந்தது. எழும்பி வாலை ஆட்டியது. மறுபடி ஏறப் பார்த்து மறுபடி விழுந்தது. அன்னலட்சுமி அதை அள்ளித் தூக்கிக்கொண்டு, இடுப்பில் செருகிய சமையல் துணியைக்கூட எடுக்காமல், ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் போனாள்.

டொக்டர் சுஹைரா இளம் பெண். குட்டியை மேசையில் வைத்துக் கால்களைத் தடவி, வயிற்றை அமத்தி, பல்லைப் பார்த்தார். பிறகு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அன்னலட்சுமி ஒன்றையும் ஒளிக்கவில்லை. கட்டிப் பாலில் தொடங்கி றஸ்க் வரைக்கும் பெருமையோடு சொன்னாள். டொக்டர் முழுவதையும் கேட்டார்.

"நல்ல சாப்பாடு அக்கா. கேக்க எனக்கே பசிக்குது. ஆனா இது நாய்க்குட்டிட சாப்பாடு இல்ல. வயிறு நிறையுது, எலும்புக்கு ஒண்டும் போகல்ல."

அதற்குப் பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். தேங்காய்ப்பாலும் பால்மாவும் இந்த வயிற்றுக்கு ஒத்துவராது, வயிற்றோட்டத்துக்குக் காரணமே அவைதான். உப்பு, மிளகாய், வெங்காயம் ஒன்றும் கூடாது; வெங்காயம் நாய்க்கு நஞ்சு. கோழி எலும்பைச் சமைத்துக் கொடுத்தால் அது உடைந்து குடலைக் கிழிக்கும். வளருகிற குட்டிக்கு இறைச்சி, மீன், முட்டை மாதிரிச் சாப்பாடு முன்னுக்கு நிற்கவேண்டும், சோறு பின்னுக்கு. குட்டிகளுக்கென்றே செய்த உலர் தீனை அடிச் சாப்பாடாக வைத்து, அதோடு முள் எடுத்த அவித்த மீனும், கொஞ்சம் பூசணியும் கரட்டும் சேர்க்கலாம், இடைக்கிடை அவித்த முட்டை. கல்சியம் குளிசையைக் கடையில் கேட்டு வாங்கித் தன்பாட்டில் கொடுக்கக்கூடாது. கூடினாலும் எலும்புக்குக் கேடு. பூச்சி மருந்து இன்றைக்கே. எல்லாவற்றையும்விட முக்கியம், அளவு. இந்தக் கால்கள் இன்னும் வளருகிற கால்கள், நிமிர்ந்துவிடும், ஆனால் இவ்வளவு பாரத்தை அவற்றின் மேல் ஏற்றக்கூடாது.

சொல்லிவிட்டு ஒரு சின்னக் கோப்பையில் தீனை அள்ளி, மேலே கூம்பி நின்றதை விரலால் வழித்து விட்டார். ஒரு வேளைக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றார்.

அன்னலட்சுமி அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை டொக்டர் சொன்னபடியே செய்தாள். சூடை மீனை உப்பில்லாமல் அவித்து முள்ளெடுத்தாள். சூடைக்குச் சூடையோ என்று கீர்த்தனி சிரித்தாள். தீனை அள்ளி, மேலே நின்றதை விரலால் வழித்துவிட்டுக் கோப்பையை வைத்தாள். குட்டி கண் மூடித் திறப்பதற்குள் தின்று முடித்தது, கோப்பையை நக்கியது, மூக்கால் முற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டு திரிந்தது, கடைசியில் அவள் காலடியில் கொண்டுவந்து விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தது. அவள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

வேலைக்குப் புறப்பட்ட தவராசா பின்னால் போய்ப் பார்த்தபோது அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஒரு நாய்க்குட்டிக்காகவா என்று கேட்க நினைத்தவன் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். யுத்தத்தில் ஈச்சிலம்பற்றிலிருந்து இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த காலம். அவளுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. கை உரமானவள் என்று சமையற்காரர்கள் அகப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். கிடாரத்தில் இருப்பது வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் காணவேண்டும். ஆகவே ஒவ்வொரு அகப்பையையும் அள்ளி, கையால் வழித்துவிட்டுத்தான் கோப்பையில் போடவேண்டும். சின்னப் பிள்ளைகள் வாங்கிய பிறகும் நகராமல் நிற்பார்கள். அவள் அடுத்த ஆளைக் கூப்பிடவேண்டும்.

"அந்த வழிக்கிற வேலையை இனி ஒருநாளும் செய்யிறதில்லை எண்டு இருந்தனான்," என்றாள்.

தவராசா அவளோடு பதினெட்டு வருசமாக வாழ்கிறவன். இதை இன்றுதான் கேட்கிறான். அவன் அன்றைக்கு வேலைக்குப் பிந்திப் போனான். போகுமுன் கொஞ்ச நேரம் அவளுக்குப் பக்கத்தில் நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அண்டைக்கு இல்லாததால வழிச்சனீ. இண்டைக்கு அது நடக்கவேணும் எண்டு வழிக்கிறாய். ரெண்டும் ஒண்டில்லை, அன்னம்."

அவள் மூக்கைச் சிந்திவிட்டு, பருப்பு அடிப்பிடிக்கப் போகுது, தள்ளுங்கோ என்றாள்.

அதன் பிறகு அவள் பிசகவே இல்லை. மூன்று வேளையும் அளந்துதான் கொடுத்தாள். குட்டி பார்க்கிற பார்வைக்கு முகத்தைத் திருப்பப் பழகினாள். ஆனால் சூடை மெலியக் காணோம். டொக்டரிடம் கொண்டுபோய்த் தராசில் வைத்தபோது முள் முன்பைவிடக் கூடவே காட்டியது. வேறு யாராவது சாப்பாடு கொடுக்கிறார்களோ என்று டொக்டர் கேட்டார். அன்னலட்சுமி மெல்லத் திரும்பி, கூட வந்திருந்த தவராசாவைப் பார்த்தாள்.

"கோணேசர் மேல சத்தியமா நான் இல்லை," என்றான் அவன்.

வீட்டில் கீர்த்தனியையும் விசாரித்தாயிற்று. அவளும் இல்லை. அடுத்த சனிக்கிழமை காலை, பருப்புச் சட்டியை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, அன்னலட்சுமி நாயின் பின்னால் போவதென்று முடிவெடுத்தாள்.

சூடை தன் காலைச் சாப்பாட்டை முடித்தது. கோப்பையை ஒருதரம் நக்கியது. அவள் குசினிக்குள் போவதுபோலப் போக, அது வேலியில் இருந்த ஓட்டையால் உடம்பை நெளித்துப் பிதுக்கிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கியது. வேலைக்குப் போகிற ஆள்போல ஒரு அவசரமும் இல்லாமல் நடந்தது.

முதலில் நின்றது கனகசுந்தரத்தின் வீட்டில். தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பூசை முடிக்காமல் தேத்தண்ணிகூடக் குடிக்காத மனிதர். முருங்கை மரத்தின் பின்னால் நின்று அன்னலட்சுமி பார்த்தாள். அவர் திருநீறு பூசிய நெற்றியோடு வெளியே வந்து, வாடா பைரவா என்று கூப்பிட்டு, நெய் விட்ட தயிர்ச்சோற்றை வாழையிலைத் துண்டில் வைத்தார். அது தின்பதைப் பார்த்துக் கைகட்டி நின்றார். அவளைக் கண்டதும் வெட்கப்படாமல் பெருமையோடு சொன்னார்.

"சுத்த சைவம், பிள்ளை. என்னட்ட வரத் தொடங்கினாப்பிறகு மச்சத்தைத் திரும்பியும் பாக்கிறதில்லை."

அவளுக்குப் பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. நாய் அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டது. அது தையல்காரி பரீனாவின் வீடு. பரீனா கேற்றுக்கு வெளியே ஒரு சிரட்டையை வைத்திருந்தாள். அதில் தேத்தண்ணியில் நனைத்த கிறீம் கிறாக்கர் பிஸ்கட் கிடந்தது. கேற்றுக்கு உள்பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சின்னவன், ஆறுதலாத் தின்னு என்று அவள் கதை கொடுத்துக்கொண்டிருந்தாள். நாயைத் தொடமாட்டாள், பசியோடு நிற்கிறதைப் பார்த்துக்கொண்டு தைக்கவும் ஏலாதாம்.

சிரட்டை காலியாவதற்குள் ஒழுங்கை முனையில் பாண்காரனின் பாட்டுக் கேட்டது. பாண், பணிஸ், கேக்கெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி, பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் ஹிஸ்புல்லாவின் ஓட்டோ. சூடையின் காது இரண்டும் நிமிர்ந்தன. இதுவரை நடந்த நாய் இப்போது ஓடியது. பாரம் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகத் தாளம் தப்பித் தப்பி ஓடி, ஓட்டோவின் பக்கத்தில் போய்ச் சப்பணம் கொட்டியதுபோல இருந்தது. ஹிஸ்புல்லா இறங்கி ஒரு ஜாம் பணிஸைப் பிய்த்தான். அந்த நாய்க்கு அவன் வைத்திருந்த பெயரும் பணிஸ்தான்.

அன்னலட்சுமி நடுத் தெருவில் வந்து நின்று, இது எங்கட நாய் என்றாள்.

ஹிஸ்புல்லா திகைத்துப்போனான். இதைப் பரீனா ராத்தாவின் நாய் என்றுதான் அவன் இவ்வளவு நாளும் நினைத்திருந்தான். பாண் வாங்க வந்த பரீனாவோ சுந்தரம் ஐயாவின் நாய் என்று நினைத்திருந்தாள். பின்னாலேயே வந்து சேர்ந்த கனகசுந்தரம், இது யாருடையதும் இல்லை, கோயில் பக்கத்தால் தன்னைத் தேடி வந்தது என்று உறுதியாகச் சொன்னார். நாலு பேரும் நாயைப் பார்த்தார்கள். அது பணிஸைத் தின்று முடித்து, மூக்கில் ஒட்டிய ஜாமை நக்கி எடுக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது.

கோபிக்கத்தான் அவள் வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பு. மதகுக் கட்டில் போய் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். தன்னைப்போல இன்னும் மூன்று பேர் இந்த ஒழுங்கையில் இருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை. மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து ஓய்ந்த பிறகு அவள் நாயைப் பிடித்து நிற்பாட்டி அதன் முன்னங்கால்களைக் காட்டினாள். டொக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். பரீனா கேற்றடிக்குப் போய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கனகசுந்தரத்துக்குத்தான் பெரிய அடி. கால் வளைந்ததைவிட, பைரவன் தினமும் மீன் தின்றுவிட்டுத்தான் தன் வாசலுக்கு வந்தான் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. இரண்டு மூன்று நாள் அன்னலட்சுமியின் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் போனார். பிறகு ஒரு காலை, தன் வளவில் காய்த்த பூசணிக்காயொன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து முற்றத்தில் வைத்தார். டொக்டர் பூசணி நல்லது என்று சொன்னவதானே என்றார். மரக்கறிப் பங்கு தன்னுடையதாக இருக்கட்டும், மற்றதை அவள் என்னவோ செய்துகொள்ளட்டும் என்றும் சொன்னார்.

அப்படித்தான் அந்த ஒழுங்கை ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தது. சமைப்பதும் அளவு சொல்வதும் அன்னலட்சுமி. காலைச் சாப்பாட்டில் அவித்த பூசணியைக் கனகசுந்தரம் வந்து கலந்து வைப்பார், மீன் துண்டுகளைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தபடி. மதியம் அன்னலட்சுமிக்குப் பார்சல் கட்டுகிற அவதி. ஆகவே அந்த வேளை பரீனாவின் கேற்றடியில். அளப்பதில் பரீனா எல்லோரையும்விடக் கடுமை. துணி வெட்டுகிற கை அல்லவா, கோப்பை விளிம்புக்கு மேல் ஒரு மணி நிற்க விடமாட்டாள். இரவுச் சாப்பாடு வீட்டில்.

ஹிஸ்புல்லாவுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கொடுக்காமல் இந்த ஒழுங்கையால் எப்படிப் போவது என்று அவன் கவலைப்பட்டான். "அது என்னைப் பாக்குமே அக்கா," என்றான். முதல் வாரம் பாட்டை நிற்பாட்டிவிட்டுக் களவாகப் போய்ப் பார்த்தான். நாய்க்குத் தெரியவில்லை, ஒழுங்கைக்கும் தெரியவில்லை. பாண் வாங்க ஏலாமல் போனவர்கள் அவனைப் பிடித்து ஏசினார்கள். அதன் பிறகு பாட்டைப் போட்டுக்கொண்டே வந்து, பணிஸ் கொடுப்பதற்குப் பதிலாக ஓட்டோவை மெல்ல உருட்டினான். சூடை அதன் பின்னால் ஒழுங்கை முனைவரை ஓடியது. கீர்த்தனி போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். டொக்டர் அதையும் நல்லதென்றார், ஆனால் களைக்கும்வரை ஓட்டவேண்டாம், குட்டி தானாக நின்றால் நிற்க விடுங்கள் என்றார்.

மெல்ல மெல்லச் சூடைக்கு இடுப்பு என்று ஒன்று வந்தது. மயிர் மினுங்கத் தொடங்கியது. குசினிப் படியில் விழாமல் ஏறிய நாளன்று அன்னலட்சுமி கரண்டியும் கையுமாக ஒழுங்கைக்கு ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னாள். அடுத்த தடவை டொக்டர் சுஹைரா நாயின் விலாவில் கை வைத்து, அன்னலட்சுமியின் கையையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். எலும்பு கைக்குத் தெரியவேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது, இதுதான் கணக்கு என்றார். அவள் கையை எடுக்காமல் வைத்திருந்தாள். தோலுக்கு அடியில் விலா எலும்பு ஒவ்வொன்றும் மெல்லத் தட்டுப்பட்டது. அந்தக் கணம் அவளுக்குப் பயம் வரவில்லை.

பார்சல்களையும் இனி அளந்து கட்டுவாயோ என்று தவராசா அன்று கேட்டான். "அவையள் என்ன, நாய்க்குட்டிகளோ?" என்றாள். அடுத்த நாள் பார்சலிலும் பருப்பு எட்டிப் பார்த்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லோருமாக உப்புவெளிக் கடற்கரைக்குப் போனார்கள். ஹிஸ்புல்லாவின் பாண் ஓட்டோவிலேயே கனகசுந்தரம் முன்னுக்கு உட்கார்ந்து வந்தார். பரீனா தன் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். சூடை கடலை அன்றைக்குத்தான் பார்த்தது. முதல் அலைக்கு ஓடி ஒளித்தது, இரண்டாவதைப் பார்த்துக் குரைத்தது. பிறகு ஈர மணலில் இறங்கி நின்ற காகங்களைக் கண்டுவிட்டது. முன்னங்கால்கள் நேராக நிலத்தில் பதிய, காது பின்னால் பறக்க, கரையோரமாக அது ஓடிய ஓட்டத்தில் தாளம் ஒன்றும் தப்பவில்லை. பைரவா, சின்னவன், பணிஸ், சூடை என்று நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். நாலு பெயருக்கும் அது திரும்பிப் பார்த்தது, நாலு பேரிடமும் ஓடி வந்து ஈர உடம்பை உதறியது. பரீனா மட்டும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கனகசுந்தரத்தின் பின்னால் போய் ஒளித்து, சிரித்துச் சிரித்துக் களைத்தாள்.

கொஞ்ச நாளில் இந்தக் கதை வெளியேயும் போய்விட்டது. பரீனாவிடம் துணி தைக்க வந்த ஒருத்தியின் ஊர்க்காரி தோப்பூரிலிருந்து அன்னலட்சுமிக்குப் போன் எடுத்தாள். வயலுக்குக் காவலாக ஒரு நாய்க்குட்டி வாங்கியிருக்கிறார்களாம். அளவாகத்தான் கொடுக்கிறார்களாம், ஆனாலும் அது உருண்டு திரண்டு போகிறதாம், என்ன சாப்பாடு கொடுக்கலாம் என்று கேட்டாள்.

அன்னலட்சுமி தோளுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு ஒரு பார்சலுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சாப்பாட்டைப் பிறகு சொல்லுறன் பிள்ளை. முதல்ல அது எத்தினை வீட்டில சாப்பிடுது எண்டு பாத்திட்டு வாங்கோ," என்றாள்.

பக்கத்து வீட்டில் ஒருக்கால் கேட்டுவிட்டு வந்து எடுக்கிறேன் என்று தோப்பூர்க்காரி போனை வைத்தாள்.